முப்பத்தைந்து டொலருக்கு ஓர் உரோமானிய முகம்

2018 ஓகஸ்ட் மாதத்தில், டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஒஸ்ரினில், பழம்பொருட்களை வாங்கி விற்கும் பெண்மணி ஒருவர் தொண்டு நிறுவனமொன்றின் பழைய பொருட்கடைக்குள் நுழைந்தார். மேசையொன்றின் கீழே தரையில் இருந்தது, ஓர் ஆணின் சலவைக்கல் மார்பளவுச் சிலை. அதன் கன்னத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது: 34.99 டொலர். ஏறத்தாழ 24 கிலோகிராம் எடையுள்ள அதனைக் காரின் இருக்கையில் அமர்த்தி, பாதுகாப்புப் பட்டியும் மாட்டி, வீட்டு அலங்காரப் பொருளாகக் கொண்டு சென்றார் அவர்.

அந்த முகத்துக்கு வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள். ஏல நிறுவனங்களின் வல்லுநர்கள் அதனை உறுதிப்படுத்தினர். 1930களில் எடுக்கப்பட்ட ஜேர்மனியப் புகைப்படமொன்றில் இதே தலை காணப்பட்டபோது, விலையைப் பற்றிய பேச்சு முடிந்து உரிமையைப் பற்றிய பேச்சு தொடங்கியது.

முகங்களை வீட்டில் வைத்துப் பேணுவது உரோமர்க்குப் பொழுதுபோக்கன்று. உயர்குடி உரோமரின் வீட்டு முன்கூடத்தில், பதவி வகித்து மறைந்த முன்னோரின் மெழுகு முகங்கள் பேழைகளில் வைக்கப்பட்டிருந்தன. வீட்டிலே ஒருவர் இறந்தால் அம்முகங்களை உயிருள்ளோர் அணிந்து, இறந்தவர் வகித்த பதவிக்குரிய ஆடையுடன் ஊர்வலம் போவர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். நம் வீட்டு மண்டபத்தில் மாலையிட்டு மாட்டப்பட்டிருக்கும் பாட்டன் பாட்டியர் படங்கள் இறங்கி வந்து பிணத்தின் பின்னே நடப்பதாக எண்ணிப் பாருங்கள்! மெழுகோடு வெண்கலமும் சலவைக்கல்லும் சேர்ந்தன. அயல்நாட்டுக் கலைஞர் வடித்த சிலைகள் வந்தபின் பழைய மெழுகு முகங்களின் மதிப்புக் குன்றியதென, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த மூத்த பிளினி குறைபட்டிருக்கிறார்.

டெக்சாஸ் சிலை யாருடையது என்பதில் அறிஞர்க்குள் கருத்தொற்றுமை இல்லை. பொம்பேயின் மகன் செக்ஸ்டஸ் என்போர் உளர். பேரரசன் அகஸ்டஸின் வளர்ப்புமகன் துருசுஸ் என்போரும் உளர். ஜேர்மானியக் குடிகள் மீது படை நடத்தி எல்பே ஆறுவரை சென்று, கி.மு. 9இல் குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தவன் இந்தத் துருசுஸ். அவனே இவனென்றால், வெல்லப் போன நாட்டிலேயே அவன் முகம் குடியேறியது வரலாற்றின் குறும்புதான்.

குடியேற்றியவன் பவேரிய மன்னன் முதலாம் லூட்விக். பொம்பேய் நகரின் காஸ்டர், பொலுக்ஸ் இல்லத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1840களில் அஷாஃபன்பூர்க் நகரில் மைன் ஆற்றங்கரையில் 'பொம்பெயானும்' என்ற மாளிகையைக் கட்டுவித்தான். அவன் அங்கே வாழ எண்ணியதில்லை. உரோமர் வாழ்ந்த வீடு எப்படியிருந்தது என்பதைக் கலை ஆர்வலர் கண்டறியவே அது எழுந்தது. இந்தச் சிலையும் அதன் முற்றத்தில் இடம்பெற்றது.

1944, 1945ஆம் ஆண்டுகளில் அந்த வீடு பெருஞ்சேதமுற்றது. 1945 ஏப்ரல் தொடக்கத்தில் கடும் சமரின் பின் அமெரிக்கப் படை நகரைக் கைப்பற்றியது. போரின் பின்னரும் பல்லாண்டுகள் அமெரிக்கப் படைமுகாம்கள் அங்கே இருந்தன. படையினர் ஒருவர் சிலையைக் கொண்டு போயிருக்க வேண்டுமென்பது பொதுவான ஊகம். 'நினைவுப்பொருளாக' எடுத்துச் சென்றார் என்று செய்திகளில் எழுதினார்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, பின்னர் திரும்பி வந்து, கதவும் நிலையும் இல்லாத வீட்டில், பாட்டனார் படம் மாட்டியிருந்த ஆணியை மட்டும் கண்டவர்கள் எவரும் அதனை நினைவுப்பொருள் என்று சொல்லமாட்டார்கள்.

பவேரிய அரசு சிலையை ஒருபோதும் விற்றதில்லை. களவுபோன பொருளை அறியாது விலைகொடுத்து வாங்கினாலும் உரிமை கிட்டாது என்பதே அமெரிக்கச் சட்டமுறையும். வழக்குமன்றம் ஏறாமல் உடன்பாடு கண்டார்கள். வாங்கிய பெண்மணிக்கு, கண்டெடுத்தவர் என்ற வகையில் ஒரு தொகை வழங்கப்பட்டது. அவர் சிலைக்குத் தொலைக்காட்சித் தொடரொன்றின் பாத்திரப் பெயரைச் சூட்டி, சில ஆண்டுகள் கூடத்தில் வைத்திருந்தார். பிரிவது கடினமாக இருந்ததாம். 2022 மே முதல் ஓராண்டு சான் அந்தோனியோ கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபின், 2023இல் சிலை ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டது. பொம்பெயானும் மாளிகையின் திருத்தவேலைகள் 1960இல் தொடங்கி, 1994 முதல் அது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது.

பழைய பொருட்கடையில் அதனைக் கொண்டுவந்து கொடுத்தவர் யாரென்பது வெளிவரவில்லை. ஆற்றங்கரை மாளிகைக்கும் அந்த மேசைக்கும் இடையில் கழிந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள், எந்த வீட்டு மூலையில், எவர் பெயரிட்டு அழைக்க அந்த முகம் இருந்ததோ.