நீர்க்கசிவை உணர்த்தும் கம்பியில்லா சென்சார்கள்: பெங்களூரு கட்டடங்களுக்கு எது தேவை?

பெங்களூரு: குழாயில் நீர் உறையும் அபாயத்தையும், கட்டடத்தில் ஏற்படும் நீர்க்கசிவையும் கண்டறிந்து கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கம்பியில்லா சென்சார்கள் பெரும்பாலும் ஒரே கருவியாகவே விற்கப்படுகின்றன. இவற்றில் முதல் வசதி பெங்களூருவுக்குத் தேவையில்லை.

நீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் அதிகரிக்கிறது. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்முனைக்கும் இடையே சிக்கும் நீரின் அழுத்தம் உயர்ந்து குழாய் வெடிக்கிறது. டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி 40 நாள்கள் நீடிக்கும் 'சில்லை கலான்' கடுங்குளிர் காலத்தில், ஸ்ரீநகரில் குடிநீர்க் குழாய்கள் உறைவது வழக்கம். அத்தகைய இடங்களில் வெப்பநிலை 4 அல்லது 5 டிகிரி செல்சியஸாகக் குறையும்போதே சென்சார் எச்சரிக்க வேண்டும். பெங்களூருவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையோ, 1884 ஜனவரி 13-ஆம் தேதி பதிவான 7.8 டிகிரி. கிழக்கு பெங்களூருவின் ஜீவனஹள்ளியில் வசிப்பவர் அஞ்ச வேண்டியது கசிவுக்குத்தான்.

நகருக்கான காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 மார்ச் மாதத் தட்டுப்பாட்டின்போது, குடிநீரில் கார் கழுவினால் ரூ.5,000 அபராதம் என குடிநீர் வாரியம் அறிவித்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு அபராதம் விதிப்பார் எவருமில்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் நாளொன்றுக்கு 1,440 லிட்டர் வீணாகிறது. நபருக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவின்படி, இது பத்துப் பேரின் ஒருநாள் தேவைக்கும் அதிகம்.

எளிய கசிவு சென்சாரின் அடியில் இரண்டு உலோக முனைகள் உள்ளன. நீர் பட்டதும் அவற்றிடையே மின்சாரம் பாய, எச்சரிக்கை செல்கிறது. தரையில் நீர் தேங்கினால் மட்டுமே இது பயன்படும். சுவருக்குள் பதித்த குழாயிலோ, சம்பின் அடியிலோ ஏற்படும் விரிசல் இதற்குத் தெரியாது. அதற்கு நீரோட்டத்தை அளக்கும் மீட்டரும், தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சாரும் வேண்டும். நள்ளிரவு கடந்து அனைவரும் உறங்கும் வேளையிலும் மீட்டரில் ஓட்டம் நிற்கவில்லை எனில், எங்கோ கசிகிறது என்று பொருள். மோட்டார் ஓடாதபோதும் உள்வரத்து இல்லாத சம்பின் நீர்மட்டம் குறைந்தால், ஐயம் சம்பின் மீதே.

இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் சென்சார்களின் சிக்னல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைவிடச் சுவர்களை எளிதாகக் கடக்கும். ஆயினும் கான்கிரீட்டால் சூழப்பட்ட சம்பிலிருந்து சிக்னல் வெளிவருமா என்பதைப் பொருத்தும்போதே சோதிப்பது நல்லது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர், உலோக முனைகளில் படிந்து அவற்றை மந்தமாக்கும்.

எச்சரிக்கை யாருடைய கைப்பேசிக்குச் செல்கிறது என்பதும் முக்கியம். உரிமையாளர் வேறு பகுதியிலும் வாடகைதாரர்கள் கட்டடத்திலும் வசிக்கும் இடங்களில், வால்வை மூடக்கூடியவருக்கே அது செல்ல வேண்டும். தானாக மூடும் வால்வும் கிடைக்கிறது. அதற்குச் செலவு கூடும்.

சென்சார் வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரை நிறுத்திவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு காலையில் மீண்டும் பார்க்கலாம்.