முடிந்த கதையைத் திறப்பவர்கள்

புனைகதையில் புதுமை என்றால் எவரும் எழுதாத நிகழ்ச்சியைக் கண்டுபிடிப்பது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. தழுவல் பற்றிய சண்டைகள் அதற்கு உரமிட்டன. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ (1915) தாகூர் கதையொன்றின் வழிவந்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தழுவலைக் கடுமையாகச் சாடிய புதுமைப்பித்தனின் கதைகள் சிலவற்றிலேயே பின்னாளில் மாப்பசான் அடையாளம் காணப்பட்டார். கரு எங்கிருந்து வந்தது என்று துருவிய அளவுக்கு, வந்த இடத்தில் அது என்ன ஆனது என்று நாம் பார்க்கவில்லை. பழைய இலக்கணத்துக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. வழிநூல் செய்பவன் முன்னோர் முடிபோடு ஒத்துப்போய், தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்ப்பான் என்கிறது நன்னூல். அந்த வேறுபாடு எப்படிப் பிறக்கிறது என்பதே என் அக்கறை. முடிந்துபோனதாக எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கதையிடம் எழுத்தாளர் மறுபடி கேட்கும் கேள்வியிலிருந்தே அது பிறக்கிறது என்று கருதுகிறேன்.

‘கலைமகள்’ 1943இல் வெளியிட்ட ‘சாப விமோசனம்’ இதற்கு முதல் சான்று. இராமன் கால்பட்டு அகலிகை எழுந்ததும் புராணம் நகர்ந்துவிடுகிறது. புதுமைப்பித்தன் நகரவில்லை. எழுந்தவள் அதன்பின் ஊராரின் கண்களுக்கு நடுவே எப்படி வாழ்ந்தாள் என்று கேட்கிறார். வனவாசம் முடிந்து சீதை வருகிறாள். அக்கினிப் பிரவேசம் நடந்ததை அவள் வாயாலேயே அகலிகை அறிகிறாள். தன்னை மன்னித்தவனா இதைக் கேட்டான் என்ற அதிர்ச்சி அவளை மீண்டும் கல்லாக்குகிறது. இதில் புதிய நிகழ்ச்சி ஏறக்குறைய எதுவுமில்லை. இராமாயணத்தில் வெகுதூரம் விலகிக் கிடந்த இரண்டு தீர்ப்புகளை ஒரே முற்றத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் அவர் செய்தது. கதை முழுவதும் அங்கிருந்து விளைகிறது.

ஜெயகாந்தன் செய்தது இதைவிடத் துணிச்சலானது. அவர் திறந்தது தன் சொந்தக் கதையை. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழைநாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எதிர்ப்புக் கிளம்பியது. அவர் பதில் விளக்கத்தோடு நிற்கவில்லை. அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் வாய்விட்டு அலறியிருந்தால்? அந்த ஒரு மாற்றத்திலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) வளர்கிறது. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான்; மாமா படிக்கவைக்கிறார், அந்த ஆதரவுக்குள்ளேயே அவர் ஆசையும் இருக்கிறது; மகள் கங்கா உத்தியோகத்துக்குப் போகிறாள். பழைய சிறுகதையே ஒரு பத்திரிகைக் கதையாக நாவலுக்குள் வந்து, அவள் கையில் சேர்கிறது. தனக்குக் கிடைக்காத தாயை அவள் அச்சில் படிக்கிறாள். தமிழில் இதற்கு நிகரான கதைப்பின்னல் அபூர்வம். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் இது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ எந்தப் பழங்கதையையும் திறக்கவில்லையே? உண்மை. ஆனால் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கதை. குடத்தோடு அலைபவளுக்குச் சாக நேரம் இருக்குமா என்று ஜமுனாவை வைத்து அவர் கேட்கிறார். கேள்வி வந்தபின்தான் அடிபம்பும் தோண்டிப்போட்ட தெருவும் கதையாகின்றன.

கேள்வி இல்லாதபோது என்ன ஆகிறது என்பதற்கும் ஜெயகாந்தனே சான்று. ‘கங்கை எங்கே போகிறா’ளில் அதே கங்காவும் அவளைக் காரில் ஏற்றிய பிரபுவும் இருக்கிறார்கள், புதிய சம்பவங்களுக்கும் குறைவில்லை. ஆனால் முந்தைய நாவலிடம் அது எதையும் மறுத்துக் கேட்கவில்லை, அதன் பின்னால் நடக்கிறது.