இடுக்கி அணை: மின்சாரத்துக்கும் வெள்ளத்துக்கும் இடையே ஒரு நீர்த்தேக்கம்

கேரளத்தின் மிகப்பெரிய நீர்மின் திட்டம் இடுக்கி. பெரியாற்றின் குறுக்கே, குறவன், குறத்தி என்னும் இரு பாறை மலைகளை இணைத்துக் கட்டப்பட்ட இந்த அணையின் உயரம் சுமார் 169 மீட்டர். கனடாவின் உதவியுடன் நிறைவேற்றப்பட்ட இத்திட்டத்தை 1976 பிப்ரவரி 12-ஆம் தேதி அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி தொடங்கி வைத்தார்.

மூன்று அணைகள், ஒரே தேக்கம்

வளைவு வடிவிலான இடுக்கி அணையில் மதகுகள் கிடையாது. நீரின் அழுத்தத்தை அதன் சுவர் இருபுற மலைகளுக்கும் கடத்துகிறது. அருகிலுள்ள செருதோணி, குளமாவு அணைகளும் சேர்ந்தே கிட்டத்தட்ட 200 கோடி கன மீட்டர் நீரைத் தேக்குகின்றன. உபரிநீர் செருதோணி அணையின் 5 மதகுகள் வழியாக வெளியேற்றப்படுகிறது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து பெரியாற்றில் திறக்கப்படும் நீரும் இத்தேக்கத்தையே வந்தடைகிறது.

மின் உற்பத்தி எங்கே?

அணையின் அடியில் மின்நிலையம் இல்லை. தேக்கத்து நீர் சுரங்கப்பாதை வழியாக மலையின் மறுபுறம் கொண்டு செல்லப்பட்டு, 600 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தில் பாய்கிறது. அங்குள்ள தலா 130 மெகாவாட் திறன்கொண்ட 6 இயந்திரங்களின் மொத்தத் திறன் 780 மெகாவாட். உயரம் அதிகம் என்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 லிட்டருக்கும் குறைவான நீரே போதுமானது. பின்னர் அந்நீர் பெரியாற்றுக்குத் திரும்பாமல் தொடுபுழா, மூவாற்றுப்புழா ஆறுகளின் வழியே செல்கிறது.

நிரப்புவதா, திறப்பதா?

நீர்மின் இயந்திரங்களைச் சில நிமிடங்களில் இயக்க முடியும். இதனால் மாலை நேர மின்தேவை உயரும்போது அவை கைகொடுக்கின்றன. பருவமழையில் சேமிக்கப்படும் நீரே கோடைகால மின்சாரம் என்பதால், தேக்கத்தை நிறைத்து வைப்பது மின்வாரியத்துக்கு லாபம். ஆனால் நிறைந்த தேக்கத்தில் பெருமழை நீரை ஏற்க இடம் இருக்காது. 6 இயந்திரங்களும் முழுவீச்சில் இயங்கினாலும் நொடிக்குச் சுமார் 150 கன மீட்டர் நீரையே வெளியேற்ற இயலும்; வெள்ளக் காலத்தில் நீர்வரத்து இதைப்போல் பல மடங்கு உயரக்கூடும்.

2018 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு செருதோணி மதகு திறக்கப்பட்டது. மழை தொடர்ந்ததால் மறுநாள் 5 மதகுகளும் திறக்கப்பட்டன. அந்த வெள்ளத்துக்குப் பின், ஆண்டின் ஒவ்வொரு காலகட்டத்திலும் எந்த அளவு வரை நீரைத் தேக்கலாம் என்பதை வரையறுக்கும் விதிமுறை பின்பற்றப்படுகிறது. நீர்மட்டம் அந்த அளவை நெருங்கும்போது நீலம், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கைகள் அடுத்தடுத்து விடுக்கப்படுகின்றன. எனவே முழுக் கொள்ளளவான 2,403 அடியை நீர்மட்டம் எட்டும் முன்னரே மதகுகள் திறக்கப்படலாம்.