இரு, இரு, நான் ஒண்ணு போடணும்!

ரம்மியில் ஒரு நிம்மதி உண்டு. உங்கள் முறை வரும்வரை கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம். மேஜிக்: த கேதரிங் என்கிற சீட்டாட்டத்தில் அந்தக் கதையே கிடையாது. எதிராளி சீட்டைக் கீழே வைத்து முடிப்பதற்குள் "இரு, இரு" என்று நடுவில் பாயலாம். நீங்கள் பாய்ந்ததன் மேல் அவரும் பாயலாம். அப்புறம்? எது முதலில் நடந்தது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த ஆட்டம் முப்பது வருஷமாகத் தன் விதிப்புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணிதக்காரர் உருவாக்க, விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்டது. ஆளாளுக்குத் தன் சீட்டுக்கட்டைத் தானே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். சீட்டுகளில் மந்திரங்கள், மிருகங்கள். ஆளுக்கு 20 உயிர். மந்திரம் போட மனா என்கிற சக்தி வேண்டும். இது போதும், விஷயத்துக்கு வருவோம்.

ஆரம்பத்தில், வேகத்தைச் சீட்டின் வகையே சொல்லிவிடும். இன்ஸ்டன்ட் என்றால் வேகம். இன்டரப்ட் என்றால் அதைவிட வேகம். இன்டரப்டுக்கு இன்டரப்டால்தான் பதில் சொல்ல முடியும். அடுத்தவர் மந்திரத்தை ரத்து செய்யும் கவுண்டர்ஸ்பெல் அப்படிப்பட்ட இன்டரப்ட். அதன் முன்னால் உங்கள் கையில் எத்தனை இன்ஸ்டன்ட் இருந்தும் வேடிக்கைதான் பார்க்கணும். பிறகு மனா சோர்ஸ் என்று மூன்றாவது ஒரு வகையும் வந்தது. டார்க் ரிச்சுவல் என்ற சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் அச்சானபோது இன்டரப்ட், 1997-ல் ஐந்தாம் பதிப்பில் மனா சோர்ஸ், 1999-ன் மெர்கேடியன் மாஸ்க்ஸில் இன்ஸ்டன்ட். செய்யும் வேலை ஒன்றே: ஒரு கருப்பு மனா கொடுத்தால் மூன்று கருப்பு மனா. வேலை மாறாமல் பதவி மட்டும் இரண்டு தடவை மாறிய சீட்டு!

வகைக் குழப்பம் போதாதென்று பேட்ச் வேறு. இரண்டு பேரும் மந்திரங்களைக் குவித்துக்கொண்டே போவார்கள். குவியல் நிறைவேற ஆரம்பித்துவிட்டால் நடுவில் யாரும் கைவைக்கக்கூடாது. விழுந்த அடிகளுக்கெல்லாம் கடைசியில்தான் கணக்கு. ஓர் உதாரணம். என்னிடம் 2/2 கரடி, அதாவது 2 அடிக்கும், 2 தாங்கும். அதன்மேல் ஜெயண்ட் க்ரோத் போடுகிறேன், அந்த முறைக்கு மட்டும் 5/5 ஆகப்போகிறது. நீங்கள் பதிலுக்கு லைட்னிங் போல்ட், 3 அடி. கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும் என்பதால் அடி முன்னாடி விழுகிறது. ஆனால் சாவுக் கணக்கு கடைசியில்தானே? அதற்குள் கரடி வளர்ந்துவிடும், பிழைத்துவிடும். சமயம் பார்த்து அடித்தும் பிரயோஜனமில்லை.

இன்னொரு விசேஷம், உயிர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அந்தக் கட்டம் முடியும்வரை தோல்வி இல்லை. செத்தவர் எழுந்து உட்கார்ந்து உயிரைக் கூட்டிக்கொள்ளலாம். (1997-ல் மைக்ரோப்ரோஸ் இந்தப் பழைய ஆட்டத்தையே கணினி விளையாட்டாக வெளியிட்டது. அதற்கு நிரல் எழுதிய புண்ணியவான்களை நினைத்தால் என் ஆபீஸ் வேலையே சொர்க்கமாகத் தெரிகிறது.)

1999-ல் ஆறாம் பதிப்பு வந்தது. இன்டரப்ட், மனா சோர்ஸ் எல்லாவற்றுக்கும் முழுக்கு. எல்லாம் இன்ஸ்டன்ட், எல்லாம் ஒரே ஸ்டாக்கில். கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மற்றவர்கள் மெஸ்ஸில் அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள், கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும். முக்கியமான மாற்றம் இதுதான்: ஒவ்வொரு தட்டு எடுத்த பிறகும் இரண்டு பேருக்கும் மறுபடி வாய்ப்பு உண்டு, சாவுக் கணக்கும் அங்கங்கேயே பார்க்கப்படும். இப்போது என் கரடி அவுட். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. காத்திருந்து அடித்தவனுக்குப் பலன் கிடைக்கணும் இல்லையா?

இதே ஒழுங்கை சண்டைக்கும் நீட்டினார்கள், வம்பு அங்கேதான். மிருகங்கள் மோதும்போது விழும் அடியும் ஸ்டாக்கில் ஏறியது. மாக் ஃபனாட்டிக் என்று ஒரு 1/1 குட்டிப்பிசாசு, தன்னைப் பலிகொடுத்து 1 அடி கொடுக்கும். அது 2/2 கரடியோடு மோதுகிறது. அதன் குத்து ஸ்டாக்கில் ஏறியவுடன் அதைப் பலிகொடுக்கிறீர்கள், 1 அடி. பிசாசு போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ஏறிய குத்து ஏறியதுதான், இன்னொரு 1. கரடி காலி! விதி தெரிந்தவனுக்கு ஒரே சீட்டில் இரண்டு அடி. தெரியாதவனுக்கு "செத்த பிசாசு எப்படிய்யா குத்தும்?" என்ற நியாயமான கேள்வி.

2009 ஜூலையில், மேஜிக் 2010 விதிகளோடு இதை எடுத்துவிட்டார்கள். குத்துவிடும் நொடியில் அடி விழும், நடுவில் யாருக்கும் பேச்சில்லை. அப்போது எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. ஆட்டத்தை மழுங்கடித்துவிட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் என் மனசு கொதித்தவர்கள் பக்கம்தான், விதிவிலக்கில்லாத ஸ்டாக் எவ்வளவு அழகு! ஆனாலும் பிசாசின் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த இரண்டு அடி சீட்டில் எழுதியிருக்கவில்லை, விதிப்புத்தகத்தின் உள்பக்கத்தில் ஒளிந்திருந்தது. 2009-க்குப் பிறகு, குத்தா பலியா ஏதாவது ஒன்றைத்தான் எடுக்கணும். அது ஒரு நிஜமான யோசனை. முன்பு யோசிக்க ஒன்றுமே இல்லை, எப்போதும் இரண்டும் கிடைத்தது.

விரட்டியவை எல்லாம் போய்விட்டனவா என்றால், அதுவும் இல்லை. மனா தரும் திறன்கள் ஸ்டாக்கில் ஏறுவதே இல்லை, யாரும் குறுக்கிட முடியாது. மனா சோர்ஸ் பெயரை இழந்து விதியாக வாழ்கிறது. 2006-ல் டைம் ஸ்பைரல் தொகுப்பில் ஸ்ப்ளிட் செகண்ட் என்றொரு திறன் வந்தது. அது உள்ள சீட்டு ஸ்டாக்கில் இருக்கும்வரை வேறு மந்திரம் போடக்கூடாது. இன்டரப்ட் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது :-)

2009 மாற்றத்துக்கு ஒட்டுப்போட ஒரு விதி கொண்டுவந்தார்கள்: பலர் சேர்ந்து தடுத்தால், யாருக்கு முதல் அடி என்ற வரிசையைத் தாக்குபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பரில், ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்போடு, அந்த வரிசையும் போய்விட்டது. இப்போது அடி விழும் நேரத்தில் இஷ்டப்படி பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம்.