வெளிர் புதினா பச்சை பெயிண்ட்: ஷேடு கார்டில் ஒரு நிறம்... சுவரில் வேற நிறம்! ஏன் இப்படி?

கண்ணுக்குக் குளுமையா இருக்கும் என்று நம்பித்தான் பலரும் வெளிர் புதினா பச்சையைத் தேர்வு செய்கிறார்கள். இரண்டு கோட் அடித்து முடித்த பிறகு, "என்னங்க இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே!" என்று வீட்டில் ஒருத்தர் சொல்லிவிட்டால் போச்சு. பெயிண்ட் காசு, கூலி எல்லாமே இரட்டிப்பு. இதைத் தவிர்ப்பது எப்படி?

நிறம் ஏன் மாறுகிறது?

நிறைய வெள்ளை, கொஞ்சம் பச்சை, துளி நீலம் சேர்ந்ததுதான் புதினா பச்சை. இப்படி வெளிறிய நிறத்தில், மேலே விழும் வெளிச்சத்தின் சாயல் சட்டென்று தெரியும். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் மாலை வெயில் பட்டால் மஞ்சள் தட்டும். நேரடி வெயில் குறைவாக வரும் வடக்குப் பக்க அறையில் நீலம் கலந்தது போலத் தெரியும். நான்கு சுவரிலும் அடித்தால், ஒரு சுவரின் நிறம் இன்னொன்றில் பட்டு மேலும் அழுத்தமாகும். அதனால் கார்டில் பிடித்த ஷேடைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது நல்லது.

பல்பையும் கவனிங்க!

எல்இடி பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் அளவு அச்சிட்டிருக்கும். 6,500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. ஆஸ்பத்திரி தோற்றம் வருவது பெரும்பாலும் இதனால்தான். 2,700 முதல் 3,000 வரை மஞ்சள் வெளிச்சம். 4,000 நடுத்தரம், புதினா பச்சை அதிகம் மாறாமல் தெரியும். ஏற்கெனவே அடித்தாச்சு, பிடிக்கலையா? முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். செலவு குறைவு.

ஆஸ்பத்திரிக்கும் பச்சைக்கும் என்ன தொடர்பு?

ஆபரேஷன் தியேட்டரின் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்ததால், 1914-ல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஹாரி ஷெர்மன் பச்சைக்கு மாறினார். ரத்தச் சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்பதால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். பிறகு பல மருத்துவமனைகளும் பச்சைக்கு மாறின.

எதோடு சேர்த்தால் எடுபடும்?

* ஹால்: தேக்கு, பிரம்பு, பித்தளை போன்ற பழுப்பு, மஞ்சள் சாயல் பொருட்கள் நன்றாகப் பொருந்தும். சிவப்புத் தரைக்கும் அருமையான ஜோடி.
* பெட்ரூம்: கட்டில் தலைமாட்டுச் சுவரில் மட்டும் அடித்து, மற்றவற்றை சந்தன வெள்ளையாக விடலாம்.
* சமையலறை: மேட் பெயிண்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் துடைத்தால் முழுசா போகாது. கழுவக்கூடிய சாட்டின் ஃபினிஷ் நல்லது.
* வெள்ளை டைல்ஸ், ஸ்டீல் பொருட்கள், வெள்ளை டியூப்லைட் மூன்றும் ஒன்று சேர வேண்டாம்.

அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

* சிறிய டப்பா வாங்கி, பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காய வையுங்கள். அதை ஒவ்வொரு சுவரிலும் வைத்து காலை, மதியம், இரவு பாருங்கள்.
* ஒரே அறைக்கான பெயிண்ட்டை மொத்தமாக வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்து அடியுங்கள். டப்பாவுக்கு டப்பா ஷேடு லேசாக மாறலாம்.
* ஓதம் ஏறிய சுவர் என்றால், முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். வெளிர் நிறத்தில் கறை பளிச்சென்று தெரியும்.
* இந்தியாவில் வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் டப்பா லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு நாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், மறுபடியும் பெயிண்டரைக் கூப்பிடும் வேலை இருக்காது!