கோஷா ஆஸ்பத்திரியும் ஒரு வக்கீல் மனைவியும்



போன வாரம் நம் எண்ணூர் மாணவி ஒருத்தி போன் செய்தாள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் காத்திருக்கிறாள். "டீச்சர், எனக்கு ஜெனரல் சர்ஜரி எடுக்கணும்னு ஆசை. ஆயாதான், பொம்பளப் புள்ளைக்குப் பிரசவம் பாக்குற படிப்பே போதும், கத்தி எதுக்குன்னு கேக்குறாங்க" என்றாள். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போயிருந்தார். இப்போது அது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆனால் பாட்டி கடைசிவரை கோஷா என்றுதான் சொன்னார். கோஷா என்பது யாரோ ஒரு டாக்டரம்மா பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்! வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் திரைமறைவில் வாழ்வதைக் குறிக்கும் சொல் அது. ஆஸ்பத்திரி உருவாகக் காரணமான டாக்டரம்மாவின் பெயர் மேரி ஷார்லீப்.

1845-இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். கல்யாணமாகி 1866-இல் சென்னை வந்தார். கணவர் இங்கே வக்கீல். பேறுகாலத்தில் எவ்வளவு சிக்கல் வந்தாலும் ஆண் டாக்டரை வீட்டுக்குள் விடாமல், உள்ளேயே செத்துப்போகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி எடுத்தார். அது போதாது என்று தெரிந்தது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி. வயது 30, மூன்று பிள்ளைகளுக்குத் தாய்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1870-இல் எடின்பரோவில் தேர்வு எழுதப் போன மருத்துவ மாணவிகளை ஒரு கும்பல் வழிமறித்துச் சேற்றை வாரி வீசியது. லண்டனில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியும், 1877 வரை பயிற்சி பெற ஒரு ஆஸ்பத்திரி வார்டு கிடைக்கவில்லை. நம் சென்னையில் அதற்கு முன்பே கதவு திறந்துவிட்டது. சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் அதற்கு ஆதரவாக நின்றார்.

மேரி 1878-இல் இங்கே தேறி, லண்டன் போய் மறுபடி படித்தார். 1882-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இரண்டு பெண்களில் ஒருவர் அவர். மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப்பதக்கமும் வாங்கினார். வியன்னாவில் மேலும் பயிற்சி பெற்று 1883-இல் சென்னை திரும்பினார். 1885-இல் நுங்கம்பாக்கத்தில் பெண்கள் ஆஸ்பத்திரி தொடங்கியது. பிறகு வேங்கடகிரி ராஜா தந்த ஒரு லட்ச ரூபாயில் சேப்பாக்கத்தில் கட்டடம் எழும்பியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று அதன் பெயர் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா ஆஸ்பத்திரி'. பெயரிலேயே சாதி! நம் குப்பத்துப் பெண்கள் அன்று அந்த வாசலில் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததுண்டு.

உடல்நிலை கெட்டு 1887-இல் மேரி இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டு எம்.டி. அங்கே பெண்களே நடத்திய ஆஸ்பத்திரியில் 1892 முதல் தலைமை சர்ஜன். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன்கள்தான் அவர் கைவேலை. 1902-இல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி மகளிர் நோய்ப் பிரிவின் தலைமைக்கு வந்தார். லண்டன் பொது ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பெண்ணுக்கு அப்படிப் பதவி கிடைத்தது அதுவே முதல்முறை. 1930-இல் காலமானார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் பெரியம்மா நினைவுதான். நான் ஹைஸ்கூல் படித்தபோது அவருக்கு மார்பில் கட்டி. போன இடத்தில் சர்ஜன் ஆண் என்று தெரிந்ததும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டு மாதம் யாருக்கும் காட்டவில்லை. பிறகு காட்டிப் பலனில்லை. பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா அன்றும் இருந்தார். பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது கத்தி பிடிக்கும் டாக்டரம்மா.

மாணவியின் ஆயாவும் பெரியம்மாவும் ஒரே தெருவில் இருந்தவர்கள். ஆயா போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குப் பேசப்போகிறேன்.