சுவரும் தாளும்

1745ஆம் ஆண்டு. புதுச்சேரிச் சம்பா கோயிலினுள் ஒரு சுவர் நின்றது. ஒருபுறம் சாதிக் கிறித்தவர்; மறுபுறம், தீண்டத்தகாதார் எனத் தள்ளி வைக்கப்பட்ட கிறித்தவர். ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்று ஓதிய அதே கூரையின் கீழ், குறுக்கே ஒரு சுவர்!

அவ்வாண்டு அக்டோபரில், காரைக்கால் பாதிரியாரின் வருகையையொட்டிப் பேச்சு எழுந்தது. தள்ளி வைக்கப்பட்ட மக்கள் திரண்டு சென்று கேட்டனர்: நாங்களும் உங்கள் சீடர்தாமே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேற்றுமை? விடை சொல்ல வழியில்லை. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர் சீறினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வினா நம் செவிக்கு எட்டியது எங்ஙனம்? கல்வெட்டில் பொறித்தாரில்லை, புராணத்தில் புகுத்தினாரில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், மசியால், தாளில் எழுதப்பட்டிருந்தது.

பிள்ளை சீர்திருத்தக்காரர் அல்லர். நாளும் கோளும் பார்த்தவர். சாதிப் பெருமையில் ஊறியவர். டூப்ளேயின் துபாசியாகச் செல்வமும் செல்வாக்கும் சேர்த்தவர். ஆயினும் 1736 செப்டம்பர் 6 முதல் 1761இல் சாகும்வரை, கண்டதையும் கேட்டதையும் எழுதினார். தமக்கு உவப்பில்லாததையும் எழுதினார். அந்த ஒரு பண்புக்காகவே அவரை நாம் மதிக்கிறோம்.

அவர் மறைந்து 85 ஆண்டுகள் அந்தத் தாள்கள் வீட்டோடு கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு படியெடுத்தார்; ஆரியேல் என்பவர் எடுத்த படி பாரிசுக்குச் சென்றது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழன் தமிழில் எழுதியது தமிழில் நூலாக வரத் தொடங்கியதோ 1948இல்! இதற்கிடையில் மூலத்தின் பகுதிகள் பல மறைந்தன. மாதக்கணக்கில் இடைவெளிகள் விழுந்தன. அந்த இடைவெளிகளில் எத்தனை சுவர்கள் இடிந்தனவோ, எத்தனை எழுந்தனவோ!

பிள்ளையின் தாளுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. அந்நாளில் தாள் கந்தலிலிருந்தும் செடிநாரிலிருந்தும் செய்யப்பட்டது; நெடுநாள் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் வந்தது. மசி ஊறாதிருக்கப் படிகாரமும் குங்கிலியப் பிசினும் சேர்த்தனர். மரக்கூழும் படிகாரமும் தாளுக்குள் அமிலத்தைப் பிறப்பிக்கின்றன. தாள் மஞ்சளாகிறது, பழுக்கிறது, மடித்த இடத்தில் அப்பளம்போல் நொறுங்குகிறது. சாதியை எதிர்த்து அச்சான ஏடுகளும் துண்டறிக்கைகளும் பெரும்பாலும் அந்த மலிவுத் தாளில் வந்தவையே. ஏழையின் இயக்கம் எந்தத் தாளை வாங்கும்?

கரையான் ஒரு பகை. ஈரம் அதனினும் பெரும் பகை. பூஞ்சையை அழைத்து வருவது அதுவே. இவற்றோடு நாமும் சேர்கிறோம்! கிழிசலில் ஒட்டும் பசைநாடா சில ஆண்டுகளில் தாளைக் கறையாக்கும். குண்டூசி துருப்பிடித்துத் துளையிடும். உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை அமிலத்தை உள்ளேயே பூட்டிவைக்கும், பிரிக்கவும் இயலாது. ஆயுதபூசையன்று புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அப்புகிறோமே, அந்த ஈரம் மட்டும் தாளுக்கு நன்மையா செய்யும்?

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். நூலோடு இதழ், நாடக அறிக்கை, துண்டுத்தாள் என மற்றவர் கழித்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அது கப்பலேறவில்லை, சென்னையிலேயே ஆய்வு நூலகமாயிற்று. வந்து வாங்கியவர் அயலார் என்பதை எண்ணுங்கால் நமக்கு வெட்கமே மிகுகிறது.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணில் தந்தையார் வைத்துப்போன கட்டு ஒன்று இருக்கலாம்: மாநாட்டு அழைப்பு, சீர்திருத்தத் திருமண அறிக்கை, சிறையிலிருந்து வந்த கடிதம். மழைக்காலத்திற்கு முன் அதைக் கீழே இறக்குங்கள். ஊசியைக் கழற்றி, மடிப்பை நீக்கி, அமிலமற்ற உறையிலிட்டு, சுவரைத் தொடாத அலமாரியில் வையுங்கள். படியெடுத்து ஒன்றை நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றின் பின்னும் மெல்லிய பென்சிலால் ஆண்டையும் ஊரையும் குறியுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.